தீங்கில்லை என்று எழுதும் முன்

பவி,

காட்பாடியில் உன் ரயில் நகர ஆரம்பித்தபோது நான் கடைசியாகச் சொன்னது, "தண்ணி பாட்டிலை நல்லா மூடி வை, பையில கொட்டிடும்" என்பதுதான். நீ ஜன்னலுக்குள்ளிருந்து தலையை மட்டும் ஆட்டினாய். ஒரு வாரமாக நமக்குள் சரியான பேச்சே இல்லை. முதல்முதலாக ஊரை விட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். ரயில் போன பிறகு உன் அப்பா, "இன்னாடி இது, ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிட்டு வந்து பாட்டில் மூடியோட முடிச்சுட்டே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். தாமதம்தான், ஆனாலும் எழுதாமல் கை நிற்கவில்லை. உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் சண்டை வீட்டுக்குள் மட்டும் நடந்ததில்லை. நாம் இருவரும் வேலை பார்த்த வேலூர் கம்பெனியின் மின்னஞ்சல் குழுவில் எல்லாரும் படிக்க நடந்தது. அதோடு ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து இப்போது எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இதே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

உனக்கும் எனக்கும் இருபதே வயசு வித்தியாசம். கல்லூரிக் கடைசி வருஷப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். மேற்படிப்பு முழுக்க உன்னை மடியில் போட்டுக்கொண்டு அஞ்சல் வழியில் படித்தது. போன வருஷம் நான் வேலை பார்க்கிற அதே கம்பெனியில் நீ சேர்ந்தபோது, வாசலில் இருந்த செக்யூரிட்டி "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல வேலையா?" என்று கேட்டார். உனக்கு அது பிடிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன வயசில் அம்மாவானவளுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வந்து "உனக்கு இன்னாம்மா தெரியும், நீயே சின்னப் பொண்ணு" என்று குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்கிற பயம். அந்தப் பயத்தில் எதையும் இறுக்கிப் பிடித்தே பழகிவிட்டேன். ஒடுகத்தூர் பஸ்ஸில் கூட்டம் என்று என் துப்பட்டாவின் ஒரு முனையை உன் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொள்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் நடுவில் புகுந்த கண்டக்டர் அதில் மாட்டி, அவர், நீ, நான் மூணு பேரும் ஒரு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை மேல் விழுந்தோம். "குழந்தைய புடிச்சிருக்கியா, இல்ல ஆட்ட கட்டிருக்கியாம்மா?" என்று அந்த மனுஷன் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அழுதேன். அடுத்த முறையும் கட்டினேன்.

நம் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காக இது. டேனரியில் தோலைப் பதப்படுத்தும் பெரிய மர டிரம்கள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேலே, உள்ளே தண்ணீரும் கெமிக்கலும் தோலுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போது சுற்ற வேண்டும், எந்தப் பக்கம், எந்த வேகம் என்பதைச் சொல்ல டிரம் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் அடிப்படை, எல்லாவற்றுக்கும் கீழே நின்று இயந்திரத்தோடு நேராகப் பேசுகிற பகுதி, அதைத்தான் கர்னல் என்கிறோம். அந்தக் கர்னலுக்குள் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் துண்டு என் பொறுப்பு. அதில் யார் எதை மாற்றினாலும் நான் படித்து, சரி என்று என் பெயரைப் போட்டால்தான் டேனரிக்குப் போகும். வேலை முடிந்ததும் டிரம்மின் கதவு மேல்பக்கமாக வந்து நிற்க வேண்டும். அதற்குத் திரையில் விரலை வைத்து டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். ஒருத்தர் திரை பக்கம், இன்னொருத்தர் டிரம் பக்கம். டிரம் பக்கம் நிற்கிறவர் உள்ளங்கையை மரத்தில் வைத்துப் பார்ப்பார். கண்ணுக்கு நின்ற மாதிரி தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் அசைந்தால் டிரம் மெல்ல நகரும். கைக்குத்தான் அது தெரியும். அசைவு அடங்கியதும் கதவின் பூட்டுக்கட்டையைத் தட்டித் தளர்த்துவார். ஆபத்துக்கு மின்சாரத்தையே வெட்டுகிற சிவப்புக் குமிழ் தனியாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் கையை மரத்தில் வைத்திருக்கிறவருக்கு அது எட்டாது. நாங்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட டேனரியில் அப்படிக் கை வைத்து நிற்கிறவர் உன் அப்பா. ஈரப்பகுதி சூப்பர்வைசர் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்த வேலையை வேறு ஆளிடம் விட மாட்டேன் என்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீதான் ஒரு சோதனைக் கருவியை, அதுவும் ஒரு புரோகிராம்தான், எங்கள் துண்டின் மேல் ஓட்டினாய். கம்ப்யூட்டர் நினைவகத்தின் ஒரே இடத்தைப் புரோகிராமுக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடுகிறார்களா, அதில் ஒருவராவது எழுதுகிறாரா, நடுவில் முறைப்படுத்த எதுவும் இல்லையா என்று பார்த்துச் சொல்கிற கருவி. அப்படி நடந்தால் அதற்கு டேட்டா ரேஸ் என்று பெயர். பஸ்ஸின் நம்பர் பலகையை மாற்றுகிறபோது பார்த்திருப்போம்: ஐம்பத்தொன்பதை அறுபதாக்க கண்டக்டர் முதல் இலக்கத்தை மட்டும் மாற்றியிருப்பார், அந்த நேரத்தில் ஓடிவருகிறவன் அறுபத்தொன்பது என்று படித்துவிட்டு பஸ்ஸை விட்டுவிடுவான். அறுபத்தொன்பது அந்தத் தடத்திலேயே கிடையாது. அந்த மாதிரி. கருவி மூன்று இடத்தைக் காட்டியது. முதலாவது, டிரம் சுற்றச் சுற்ற அனுப்பும் சமிக்ஞைகளில் தவறிப்போனவற்றை எண்ணும் ஒரு கணக்கு. சர்வீஸுக்கு வருகிறவர் எப்போதாவது பார்ப்பது. இரண்டாவது, திரையில் காட்டுவதற்காக, கதவு இப்போது எங்கே இருக்கிறது என்கிற எண். மூன்றாவது, திரையில் விரலை எடுத்ததும் "நில்" என்று போடப்படுகிற குறி.

எனக்கு அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. எல்லாவற்றுக்கும் லாக் போடு என்றேன். ஒருத்தர் தொடும்போது இன்னொருத்தர் வாசலில் நிற்கட்டும்.

"ம்மா, எல்லாத்துக்கும் லாக் போட்டா வேலையே நடக்காது. இதுல சிலது அப்படியே இருந்தா ஒண்ணும் ஆகாது. கர்னல்ல எவ்ளோ இடத்துல அப்படி விட்டுவச்சிருக்காங்க தெரியும்ல?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நீ எப்படிச் சொல்ற?"

"நீ ஏதாவது ஆகும்னு எப்படிச் சொல்ற?"

நியாயமான கேள்வி. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று நானே லாக் போட்டேன். வெள்ளிக்கிழமை டேனரியில் ஓட்டிப் பார்த்தோம். அங்கே மேனேஜர் ரஃபீக் பாய், மதியத் தொழுகைக்குக் கிளம்ப வேண்டும் என்று வெள்ளை ஜிப்பா போட்டுத் தயாராக வந்து டிரம் பக்கம் நின்றார். டிரம் சுற்றியது, நகர்ந்தது, கதவு மேலே என்று திரை சொன்னது. அப்பா கை வைத்துப் பார்த்து, நின்னுடுச்சு என்று தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து கதவைப் பார்த்தார். "மேல இல்லையே இது, சாஞ்சிருக்கே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட நின்ற ஆள் கட்டையைத் தட்டிவிட்டார். குரோம் கலந்த நீலத் தண்ணீர் ரஃபீக் பாய் மேல் தலையிலிருந்து இறங்கியது.

"அல்லா! மேடம், இன்னா இது, இன்னிக்கு ஹோலியா?"

யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தோம். அவரே முதலில் சிரித்ததால் பிழைத்தோம். நல்லவேளை, கண்ணில் படவில்லை. அவர் குளித்து மாற்றிக்கொண்டு ஓடினார். நடந்தது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நான் போட்ட லாக்கைத் திரை தன் வேலைக்காகப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், டிரம் அனுப்பிய சமிக்ஞைகள் உள்ளே வர வழியில்லாமல் தவறிப்போயின. டிரம் எவ்வளவு சுற்றியது என்கிற கணக்கு குறைந்தது. கதவு எங்கே இருக்கிறது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. பத்திரம் என்று நினைத்து நான் போட்டதுதான் அதன் கண்ணைக் கட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

லாக்கை எல்லாம் எடுத்துவிட்டு நீ புதிதாக எழுதினாய். அதற்குள் புனே வேலை வந்துவிட்டது, நாட்கள் குறைந்துவிட்டன. கிளம்பும் வாரத்தில் உன் மாற்றத்தைக் குழுவுக்கு அனுப்பினாய். மூன்று இடத்திலும், இது தெரிந்தே விட்ட ரேஸ், தீங்கில்லை என்று கருவிக்குச் சொல்கிற அடையாளத்தைப் போட்டிருந்தாய். காரணம் எதுவும் எழுதவில்லை. நான் என் பெயரைப் போடவில்லை. போடாததற்கு அப்போது என்னிடமும் காரணம் இல்லை. பயம் மட்டும் இருந்தது. நீ சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாய்.

"நீலத் தண்ணி ஊத்தினது யாரு லாக்கும்மா? என்னுதா? நீ என்ன நம்பலன்னு சொல்லிடேன். கோடிங், ரேஸுன்னு சுத்தி வளைக்காத."

"நம்பாம இல்லடி. பார்க்கணும்."

"நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாயி பேரப்பிள்ளை வந்துடும்."

அப்பா நடுவில் "அந்த டிரம் பக்கத்துல நிக்கறது நானு, என்னக் கேளுங்கடி யாராவது" என்றார். யாரும் கேட்கவில்லை. காட்பாடி போகும்வரை அப்படித்தான் இருந்தோம்.

உன் ரயில் போனதும் வீட்டுக்கு வந்து உன் மாற்றத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அதற்குள் நான் பெயரைப் போட்டிருப்பேன் என்ற கணக்கில், மறுநாள் காலை டேனரியில் அதை ஏற்றி ஓட்டுவதாக முன்பே ஏற்பாடு. உன் மேல் இருந்த கோபத்தையும் என் மேல் இருந்ததையும் ஓரமாக வைத்துவிட்டு, யாரோ முகம் தெரியாத பிள்ளை எழுதியது மாதிரி படித்தேன். முதல் இடம், அந்தச் சர்வீஸ் கணக்கு: ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீ சொன்னது சரி. இரண்டாவது, திரையில் காட்டும் எண்: எனக்குச் சந்தேகம் இருந்தது, குறித்துக்கொண்டேன். மூன்றாவதை, அந்த "நில்" குறியை, திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

டிரம்மை நகர்த்துவதற்காகத் திரும்பத் திரும்ப ஓடுகிற சில வரிகள் உண்டு, ஒரு சின்ன வட்டம் மாதிரி. அதில், "நில் என்று குறி போட்டாகிவிட்டதா" என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும்படி எழுதியிருக்கிறோம். ஆனால் நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர், வேலையைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கும். அந்த வட்டத்துக்குள் குறியை யாரும் மாற்றவில்லையே, ஒவ்வொரு முறையும் ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒரே தடவை பார்த்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் வெளியிலிருந்து யார் "நில்" போட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. நீ போட்ட அடையாளம் கருவியின் வாயை அடைக்கும். கம்பைலரை ஒன்றும் செய்யாது. ஆபீசில் நாம் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் மாதிரி டிரம் ஒழுங்காக நின்றதே என்று நீ கேட்பாய். அங்கே கருவியைச் சேர்த்துக் கட்டித்தான் ஓட்டினோம். கருவி நடுவில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் கம்பைலரால் அந்தக் குறுக்கு வழியில் போக முடியவில்லை. டேனரிக்குப் போவது கருவியைக் கழற்றி, வேகத்துக்காகக் கட்டியது. இரண்டையும் பிரித்து உள்ளே என்ன உருவாகியிருக்கிறது என்று பார்த்தேன். கருவியைக் கழற்றியதில், குறியைப் பார்க்கும் அந்த வரி வட்டத்துக்கு வெளியே போயிருந்தது. ஒரே தடவை. விரலை எடுத்தாலும் டிரம் நிற்காது. அப்பா கையை மரத்தில் வைத்திருப்பார்.

உனக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை; சிக்னல் இல்லையோ, கோபமோ. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குப் போய்ப் புதிதாகவும் முழுசாகவும் படி என்று கம்பைலரைக் கட்டாயப்படுத்துகிற சொல். நானே மாற்றி, உன் பெயரிலேயே ஏற்றி, என் பெயரையும் போட்டுவிட்டால் முடிந்தது. உனக்குக்கூடத் தெரியாது. கைவிரல் விசை மேலேயே இருந்தது. ஆறாவதில் நீ கண்காட்சிக்கு மோர்தானா அணை செய்தாயே, ஐஸ் குச்சியில் மதகு வைத்து. நீ தூங்கிய பிறகு கோணலாக இருந்ததை எல்லாம் நான் நிமிர்த்தி ஒட்டினேன். பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்கள். நீ வீட்டுக்கு வந்து அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அது என் அணை இல்ல" என்று மட்டும் சொன்னாய். நான் அன்று, இவளுக்கு நன்றியே இல்லை என்று அப்பாவிடம் புலம்பினேன். விரலை எடுத்துவிட்டேன்.

முதலில் ரஃபீக் பாய்க்கு போன் போட்டேன்.

"நாளைக்கு வேணாம் பாய். பழைய புரோகிராம்லயே ஓட்டுங்க. நான் லாக் போட்டது இல்ல, அதுக்கும் முன்னாடி இருந்தது. அதையும் பிரிச்சுப் பார்த்துட்டேன், அது நிக்கும்."

"இன்னா மேடம், ரொம்ப பேஜார் பண்றீங்க. நாளைக்குன்னு தோலெல்லாம் எடுத்து வச்சாச்சு. உங்க பொண்ணு எழுதினது சூப்பரா இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அவ எழுதினதாலதான் ஜாஸ்தி பார்க்கிறேன் பாய்."

"பாப்பா எழுதினது தப்பா?"

"மூணுல ஒண்ணு."

"அடேங்கப்பா, நீங்க போட்டதுல மூணுமே தப்பா இருந்துச்சே" என்றார். நீலத் தண்ணீரில் குளித்தவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது.

பிறகு குழுவுக்கு எழுதினேன். பவித்ரா அவர்களுக்கு, என்று ஆரம்பித்தேன். மூன்றாவது இடத்தில் ரேஸ் தீங்கானது, காரணம் இது, கட்டிப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது இது. இரண்டாவது இடத்தில் எண் அந்த பஸ் பலகை மாதிரி பாதியில் பிய்ந்து வரக்கூடும், அதற்கு மட்டுமாவது லாக் வேண்டும். மூன்று இடத்திலும், தீங்கில்லை என்றால் ஏன் இல்லை, அந்த எண்ணை யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்வார்கள் என்பதை எழுத வேண்டும். அனுப்பிவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஊரை விட்டுப் போன முதல் நாளிலேயே, உன் கடைசி வேலையை எல்லார் எதிரிலும் திருப்பி அனுப்புகிறாளே, இவள் தாயா என்று நீ நினைப்பாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "நினைக்கட்டுமே. என் கை முழுசா இருக்கும்ல" என்று அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

நீ புனே போய்ச் சேர்ந்த மறுநாள் உன் பதில் வந்தது. மேடம், என்று ஆரம்பித்திருந்தாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்றாவதை ஒத்துக்கொண்டு திருத்தியிருந்தாய். கருவி கத்துகிறது என்று அதன் வாயை மூடினேன், என்ன சொல்ல வந்தது என்று கேட்கவில்லை என்று ஒரு வரி. முதல் இடத்துக்குக் காரணம் எழுதியிருந்தாய். அடுத்தது, "இரண்டாவது இடத்தில் நீங்கள் சொல்வது தவறு, மேடம்." அந்த எண்ணை எழுதுவது ஒருவர்தான். அது இயந்திரம் ஒரே மூச்சில் எழுதக்கூடிய அளவுதான். எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் முழுசாகவே நடக்கும்படி நான் கட்டாயப்படுத்திவிட்டேன், லாக் தேவையில்லை, வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள் என்று காரணமும் சொல்லியிருந்தாய். புரோகிராமில் அந்த வரிக்கு மேலே நீ வைத்திருந்த குறிப்பு: "திரையில் தெரியும் எண் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்காது. இதைப் பார்த்து யாரும் டிரம்மை நிறுத்தும் முடிவை எடுக்கக் கூடாது; அதற்கான வழி வேறு."

பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. என்னால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை, தேடாமலும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று தீங்கில்லாத எண்ணை, இரண்டு வருஷம் கழித்து யாரோ ஒரு பிள்ளை, இங்கேதான் இருக்கிறதே என்று எடுத்து வேறு முடிவுக்குப் பயன்படுத்துவான். அவனுக்காக நீ எழுதியிருந்தாய். எனக்கு அது தோன்றியிருக்குமா என்று யோசித்தால், லாக் போட்டிருப்பேன், அவ்வளவுதான். என் பெயரைப் போட்டேன்.

நேற்று டேனரிக்குப் போனேன். ரஃபீக் பாய் ஜாக்கிரதையாகக் காக்கிச் சட்டையில் வந்து, டிரம்முக்கு எட்டாத தூரத்தில் நின்றார். "மேடம், இப்ப நிக்குமா?" என்றார். "நிக்கும் பாய்." "சொல்றது யாரு, அம்மாவா, பொண்ணா?" "ரெண்டு பேரும்." அப்பா உள்ளங்கையை மரத்தில் வைத்தார். திரை பக்கம் இருந்தவர் விரலை எடுத்தார். டிரம் நின்றது, கதவு நேர் மேலே. அப்பா கட்டையைத் தட்டினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கைகழுவும்போது "உன் பொண்ணு நிறுத்திட்டா" என்றார். உன் பொண்ணு என்று அவர் சொல்வது அவருக்குப் பெருமை தாங்காதபோதுதான்.

எனக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை, பவி. ஒருமுறை நின்றதால் ஒன்றும் ருசுவாகிவிடாது. ரேஸ் என்பது ஆயிரம் தடவை ஒழுங்காக இருந்துவிட்டு அடுத்த தடவை காலை வாரும். என்னை அங்கே நிற்க வைத்தது டிரம் நின்றது இல்லை, நீ எழுதிவைத்த காரணம். அதை நான் படித்து என்னால் உடைக்க முடியவில்லை. புனேவில் உன்னைப் பார்க்கிறவர்கள் உன் அம்மா மாதிரி பயந்தாங்கொள்ளிகளாக இருக்க மாட்டார்கள். "எல்லாத்துக்கும் அடையாளம் போட்டு இந்த வாரமே மூடு" என்பார்கள். மூடு, வேண்டாமென்று சொல்லவில்லை. மூடும் முன் காரணத்தை எழுதிப் பார். எழுத வரவில்லை என்றால் அது இன்னும் தீங்கில்லாதது ஆகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேனோ என்னவோ. போன புதன்கிழமை போனில், "ரூம் மாத்திட்டேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். ஏன் மாற்றினாய் என்று சொல்லவில்லை. முன்பாதி நீ சொன்னது, புதுசு. பின்பாதியை நான் என் பழைய பயத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டேன். யாரோ தொந்தரவு கொடுத்தார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ராத்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாய். இரண்டு நாள் கழித்து நீயே சொன்னாய், பழைய ரூமில் தண்ணீர் வரவில்லை என்று. அந்த இரண்டு நாளும் நான் யாருக்காக அழுதேனோ, அப்படி ஒரு பவி எங்கேயும் இல்லை. பாதி உன்னாலும் பாதி என்னாலும் ஆனவள்.

தினமும் பேசு என்று கேட்க மாட்டேன். உடனே சொல் என்றும் கேட்க மாட்டேன். வேலைக்கு நடுவில் அம்மா லாக் மாதிரி வந்து நின்றால் என்ன ஆகும் என்று டேனரியில் பார்த்துவிட்டேன். இந்த வாரம் நடந்ததை அடுத்த வாரம் சொல். அந்த ஒரு வாரத்தை நான் எப்படியோ தள்ளிக்கொள்கிறேன். சொல்லும்போது மட்டும் முழுசாகச் சொல்லிவிடு.

அம்மா